முதல் ஒப்பந்தத்துக்குப் பிறகு என்ன? கடலோரப் பையன் ஒருவனின் கால்பந்துக் கணக்கு, 18 முதல் 23 வரை

2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) நிறுத்திவைக்கப்பட்டது. அகில இந்திய கால்பந்து சம்மேளனமும் லீக்கை நடத்திவந்த நிறுவனமும் 2010-இல் போட்ட உரிமை ஒப்பந்தம் அந்த ஆண்டு டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவாகவில்லை. அடுத்த மாதமே பெங்களூரு எஃப்.சி. முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்.சி. கிளப் வேலைகளையே நிறுத்திவைத்தது. இழுபறிக்குப் பின் 2026 பிப்ரவரி 14-இல் லீக் தொடங்கியபோது ஒவ்வொரு அணிக்கும் 13 ஆட்டங்கள்தான் மிஞ்சின.

பாம்பன், தங்கச்சிமடம், பெரியபட்டினம், கீழக்கரை, தொண்டி என்று பந்து ஆடும் ஊர்களில் இது கிளப்பிய கேள்விகள் பல. ஒப்பந்தம் கையில் இருக்கும்போது சம்பளம் எப்படி நிற்கும்? ‘பையனை கிளப்பில் எடுத்துட்டாங்க’ என்றால் அதற்கு என்ன பொருள்? நம்பி அனுப்பலாமா, இல்லை பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்து வெளிநாட்டு வேலைக்கு ஏற்றிவிடலாமா?

ஊர் முதலில் கேட்பது ஒப்பந்தத் தொகையைத்தான். ஆனால் 18 வயதுக்கும் 23 வயதுக்கும் இடையில் ஓர் ஆட்டக்காரர் நிலைப்பாரா என்பது, ஒரு சீசனில் எத்தனை நிமிடம் களத்தில் நின்றார் என்ற எண்ணிக்கையில் இருக்கிறது. பதிவு, ஒப்பந்தம், பயிற்சி, காயம் எல்லாவற்றையும் அந்த நிமிடக் கணக்கில் வைத்துப் பார்த்தால் குழப்பம் பெருமளவு தீரும்.

தொழில்முறை ஆட்டக்காரர் யார்?

உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதியில் இரண்டே வகைதான். ஒரு கிளப்போடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்து, ஆடுவதற்கு ஆகும் செலவைவிடக் கூடுதலாகப் பணம் பெறுபவர் தொழில்முறை ஆட்டக்காரர். மற்ற எல்லோரும் அமெச்சூர்.

அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் டோர்னமென்டில் ஓர் ஆட்டத்துக்கு ஐயாயிரம் வாங்கினாலும் ஒருவர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆவதில்லை. எழுத்தில் ஒன்றும் இல்லை. காலை உடைத்துக்கொண்டால் கேட்க ஆளும் இல்லை. கேரளத்தின் மலப்புரம் பக்கம் நடக்கும் செவன்ஸ் போட்டிகள் அகில இந்திய சம்மேளனத்தின் அங்கீகாரத்துக்கு வெளியே நடப்பவை. கிளப் ஒப்பந்தத்தில் இருப்பவர் அனுமதி இல்லாமல் அங்கே போய் ஆடினால் அது ஒப்பந்த மீறல். பெருநாள் விடுமுறைக்கு ஊருக்கு வந்த இடத்தில், கூட்டாளிகள் கேட்டார்கள் என்று இறங்கி ஆடுவதும் அதே கணக்குத்தான்.

ஏணியின் படிகள்

உச்சியில் ஐ.எஸ்.எல். அது 2014-இல் தொடங்கி, 2019-20 சீசனிலிருந்து நாட்டின் முதல் அடுக்கு லீக் ஆனது. தமிழ்நாட்டிலிருந்து அதில் ஆடுவது சென்னையின் எஃப்.சி. மட்டும், 2015-இலும் 2017-18-இலும் கோப்பை வென்றது. அதற்குக் கீழே ஐ-லீக் என்று நாம் அறிந்த இரண்டாம் அடுக்கு. கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. 2018-19-இல் அந்த ஐ-லீக்கையே வென்றது. அதற்கும் கீழே ஐ-லீக் 2, ஐ-லீக் 3.

இந்த ஏணியை ஒட்டி இரண்டு பக்கப் படிகள் இருக்கின்றன. ஒன்று, 2022-இல் தொடங்கிய ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் டெவலப்மென்ட் லீக். பெரும்பாலும் 21 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆடும் போட்டி அது. ஐ.எஸ்.எல். கிளப் ஒன்று 18 வயதுப் பையனை எடுத்தால் முதலில் நிறுத்துவது இங்கேதான். மற்றொன்று சென்னை கால்பந்து சங்கத்தின் சீனியர் டிவிஷன் லீக். இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே போன்ற அலுவலக அணிகள் வேரூன்றிய இடம். கிளப்களின் ஆட்களும் மாநில அணித் தேர்வாளர்களும் பார்க்கும் ஆட்டங்கள் இவை. ராமநாதபுரம் மாவட்டப் போட்டிகளில் மட்டும் ஆடி நேராக ஐ.எஸ்.எல். போவது நடக்காத காரியம். இடையில் ஒரு பெரிய ஊர் லீக் கட்டாயம் வேண்டும்.

பதிவு: ஊர் கிளப்பின் பெயர் எங்கே?

சம்மேளனத்தின் மையப் பதிவு முறையில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் எண் உண்டு. எந்த வயதில் எந்த கிளப்புக்குப் பதிவாகி இருந்தார் என்ற வரலாறு அந்த எண்ணின்கீழ் சேர்கிறது. அதைத்தான் ஆட்டக்காரர் பாஸ்போர்ட் என்கிறார்கள். விமானம் ஏற எடுக்கும் பாஸ்போர்ட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஏன் இது முக்கியம்? ஒப்பந்தக் காலத்தில் ஓர் ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு வேறு கிளப்புக்கு விற்கப்பட்டால், மாற்றுத் தொகையில் 5 சதவீதத்தை அவரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துத் தரவேண்டும். இதை ஒற்றுமைப் பங்கு என்கிறது ஃபிஃபா. 12 முதல் 15 வயதுவரை ஓர் ஆண்டுக்கு மாற்றுத் தொகையில் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஓர் ஆண்டுக்கு 0.5 சதவீதம்.

ஒரு கோடி ரூபாய் மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். ஒற்றுமைப் பங்கு 5 லட்சம். பையன் 12 வயதிலிருந்து 17 வயதுவரை ஊர் கிளப்பிலேயே ஆடியிருந்தால், முதல் நான்கு ஆண்டுக்கு 25,000 வீதம் ஒரு லட்சம், அடுத்த இரண்டு ஆண்டுக்கு 50,000 வீதம் ஒரு லட்சம், ஆக இரண்டு லட்சம் ஊர் கிளப்புக்கு. கோல் வலை, பந்து, பூட்ஸ் என்று பல ஆண்டு வாங்கலாம். இதுபோக, 23 வயதுக்குள் முதல்முறை தொழில்முறை ஆட்டக்காரராகப் பதியும்போது பயிற்சி இழப்பீடு என்று தனியாக ஒன்று உண்டு. நாட்டுக்குள் நடக்கும் மாற்றங்களுக்கு சம்மேளனத்தின் சொந்த விதிகள் பொருந்தும். எதுவானாலும், பதிவில் இல்லாத கிளப்புக்கு ஒரு ரூபாய்கூட வராது. நம் கடலோரத்தில், வெளிநாட்டில் வேலை பார்க்கும் சபுராளிகள் அனுப்பும் காசில் நடக்கும் கிளப்கள் ஏராளம். கோப்பையும் ஜெர்ஸியும் உண்டு, சங்கப் பதிவு இருக்காது. பையன் மேலே போன பிறகு புலம்பிப் பயனில்லை.

பதிவில் அடிக்கடி முட்டுவது வயது. பிறந்தபோதே பதிந்த சான்றிதழ் என்றால் சிக்கல் இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது ஒரு தேதி, பல ஆண்டு கழித்து வாங்கிய சான்றிதழில் வேறு தேதி, ஆதாரில் மூன்றாவது தேதி என்றால் அங்கேயே நின்றுவிடும். இளையோர் போட்டிகளில் மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணிக்கும் முறையும் இருக்கிறது. 17 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகப் போட்டிகளில் எம்.ஆர்.ஐ. எடுத்தே பார்க்கிறார்கள். இரண்டு வயதைக் குறைத்துக் காட்டினால் மாவட்டப் போட்டியில் ஒரு கோப்பை கிடைக்கலாம். மாட்டினால் இழப்பது தடைக்காலமாகப் பல ஆண்டு.

மணலில் வளர்ந்த கால்

இது பலரும் சொல்லாமல் விடும் பகுதி, ஆனால் ட்ரையலில் தோற்பதற்கு இது ஒரு காரணம்.

கடற்கரை மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகிறது. அதனால் நம் பிள்ளைகளுக்கு மூச்சு நன்றாக இருக்கும், கெண்டைக்கால் இரும்பாக இருக்கும். ஆனால் மணலில் கால் புதைகிறது. குதிகால் தசைநாண் ரப்பர்போல இழுபட்டுத் திருப்பி உந்தும் வேலையை மணல் விழுங்கிவிடுகிறது. எனவே முழு வேகம் என்ற ஒன்றை அந்தக் கால் பார்த்ததே இல்லை. ட்ரையலில் கெட்டிப் புல்லிலோ செயற்கைப் புல்லான டர்ஃபிலோ இறக்கி 30 மீட்டர் ஓடு என்றால், வேகம் பழகாத தொடையின் பின்தசை அன்றே கிழியலாம். காலை முன்னால் வீசி, தரையில் வைப்பதற்குச் சற்று முன் அதை நிறுத்தும் வேலை அந்தப் பின்தசையுடையது. வேகம் கூடக்கூட அதன் சுமை ஏறும்.

மாற்றிக்கொள்ள ஆறிலிருந்து எட்டு வாரம் வேண்டும். அதற்கு ஏற்ற காலம் இங்கே தானாகவே அமைந்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் வேலைக்குப் போகும் பையன்கள் கரையில் இருக்கும் நாட்கள் அவை. கிளப்களின் ஆயத்தப் பயிற்சி பெரும்பாலும் அதன் பிறகுதான். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பதால், அந்த வீட்டுப் பிள்ளைகள் நாளைப் பார்த்து ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

வாரம் இருமுறை கெட்டித் தரையில் வேக ஓட்டம். முதல் இரண்டு வாரம் 20 மீட்டர், நான்கு முறை, முழு வேகத்தில் முக்கால்வாசி. அடுத்த இரண்டு வாரம் 30 மீட்டர், ஐந்து முறை. ஐந்தாம் வாரத்திலிருந்துதான் முழு வேகம். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நடுவே இரண்டு நிமிடமாவது நின்று மூச்சு வாங்கவேண்டும். மூச்சிரைக்க ஓடினால் அது வேகப் பயிற்சி ஆகாது, வெறும் களைப்பு. கூடவே முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை நேராக வைத்து மெல்ல முன்னால் சாயும் நார்டிக் பயிற்சி. முதலில் ஐந்து முறை, இரண்டு சுற்று போதும். அதிகம் செய்தால் மறுநாள் படியிறங்க முடியாது.

அன்றாடச் சூடேற்றத்துக்கு ஃபிஃபா 11+ என்ற வரிசை இருக்கிறது. 15 பயிற்சிகள், 20 நிமிடம், கருவி எதுவும் வேண்டாம். ஓட்டம் 8 நிமிடம், வலுவும் சமநிலையும் 10 நிமிடம், மறுபடி வேக ஓட்டம் 2 நிமிடம். காயங்களை இது கணிசமாகக் குறைக்கிறது என்பது பலமுறை சோதித்துப் பார்த்த விஷயம். ஆனாலும் நம் திடல்களில் ஆட்டத்துக்கு முன் நடப்பது கோலை நோக்கி நாலு ஷாட் அடிப்பதுதான்.

பூட்ஸையும் கவனிக்க வேண்டும். கெட்டிப் புல்லுக்கான நீள ஸ்டட் வைத்த பூட்ஸோடு டர்ஃபில் இறங்கினால் ஸ்டட் பிடித்துக்கொள்ளும். உடல் திரும்பும், முழங்கால் திரும்பாது. டர்ஃபுக்கு குட்டையான, எண்ணிக்கையில் அதிகமான ஸ்டட் உள்ள பூட்ஸ் வேண்டும். ட்ரையல் எந்தத் தரையில் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆட்ட அறிவிலும் ஓர் இடைவெளி உண்டு. செவன்ஸ் சிறு இடத்தில் பந்தைக் காலடியில் வைத்திருக்கக் கற்றுத்தருகிறது. அதில் நம்மவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் பல செவன்ஸ் போட்டிகளில் ஆஃப்சைடு கிடையாது. 105 மீட்டர் நீளக் களத்தில், பதினோரு பேர் ஆட்டத்தில், பந்து இல்லாத எண்பது சொச்சம் நிமிடம் எங்கே நிற்பது என்பதைத்தான் பயிற்சியாளர் குறிப்பெடுக்கிறார். மூன்று பேரை வெட்டி ஆடிக் காட்டிவிட்டு, பந்து பறிபோனதும் இடுப்பில் கைவைத்து நிற்கும் பையனின் பெயர் முதல் நாளே அடிபடும்.

ஓர் இடைக்குறிப்பு: ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரிப் பயணம். முன்பதிவில்லாப் பெட்டியில் உட்கார்ந்தே வந்து, எழும்பூரில் இறங்கி, காலை 7 மணிக்கு நேரே திடலுக்குப் போனவர்களின் கால் பத்து நிமிடத்தில் கல்லாகும். ஒருநாள் முன்னதாகப் போய்ச் சேருவதற்கு ஆகும் செலவு, பூட்ஸ் விலையைவிட முக்கியம்.

ஒப்பந்தத் தாளில் படிக்கவேண்டியவை

18 வயது நிறையாதவர் தானாக ஒப்பந்தம் செய்ய இந்தியச் சட்டத்தில் தகுதி இல்லை. பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். வீட்டில் ஒருவராவது தாளை முழுக்கப் படித்திருக்க வேண்டும். எந்த மொழியில் இருந்தாலும் பரவாயில்லை, வாசித்துப் பொருள் சொல்ல ஒருவரைப் பிடியுங்கள்.

1. காலம். பொதுவாக ஒப்பந்தம் அதிகபட்சம் ஐந்து ஆண்டு. கையெழுத்திடும்போது 18 நிறையாதவருக்கு மூன்று ஆண்டுக்கு மேல் கூடாது. ‘ஐந்து வருஷம் போட்டுட்டாங்க’ என்று பெருமைப்படும் முன் யோசிக்கவேண்டும்: ஆட விடாத கிளப்பில் ஐந்து ஆண்டு என்பது பூட்டு. 19 வயதில் இரண்டு ஆண்டு ஒப்பந்தமே பல நேரம் பையனுக்கு லாபம்.

2. நீட்டிப்பு உரிமை. ‘கிளப் விரும்பினால் மேலும் ஓராண்டு’ என்ற வரி இருக்கும். அந்த ஓராண்டுக்குச் சம்பளம் உயருமா, எந்தத் தேதிக்குள் எழுத்தில் சொல்லவேண்டும் என்பவை இல்லை என்றால் எழுதச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் உள்ள உரிமை பின்னால் வழக்காகும்.

3. சம்பளம் எத்தனை மாதம்? ஆண்டுத் தொகையைச் சொல்லிக் கை குலுக்குவார்கள். அது 12 மாதத்துக்கா, சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டுமா, எந்தத் தேதியில் வரும் என்பதைத் தனித்தனியாகப் பாருங்கள். தங்குமிடம், சாப்பாடு, ஊர்போக வர டிக்கெட் இதில் அடங்குமா என்பதும் இங்கே.

4. மருத்துவச் சோதனை. ‘மெடிக்கலில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும்’ என்று எழுத ஃபிஃபா விதி இடம் தரவில்லை. சோதனையைக் கையெழுத்துக்கு முன்பே கிளப் முடித்துக்கொள்ள வேண்டும்.

5. காயச் செலவு. அறுவை சிகிச்சை, அதன் பிந்தைய பிசியோதெரபி, அந்த மாதங்களின் சம்பளம் மூன்றும் தனித்தனி விஷயங்கள். காப்பீடு முதலாவதை மட்டும் கொடுத்துவிட்டு நிற்கலாம்.

6. விலகும் வழி. எவ்வளவு தொகை கட்டினால் வெளியேறலாம் என்று எழுதியிருந்தால் எண்ணைப் பாருங்கள். மாதம் முப்பதாயிரம் வாங்கும் பையனுக்கு இரண்டு கோடி விலகல் தொகை என்றால் யாரும் வரமாட்டார்கள்.

ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது வேறு கிளப்போடு அடுத்த ஒப்பந்தத்தைப் பேசி முடிக்கலாம். பேசவரும் கிளப் இப்போதைய கிளப்புக்கு முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நடுவில் நியாயமான காரணமில்லாமல் முறித்தால் என்ன ஆகும் என்பதற்கு தடுப்பாட்டக்காரர் அன்வர் அலியின் விவகாரம் உதாரணம். மோகன் பகானை விட்டு 2024-இல் ஈஸ்ட் பெங்கால் போனவருக்கு, அந்த செப்டம்பரில் சம்மேளனக் குழு நான்கு மாதத் தடையும், கிளப்களோடு சேர்ந்து கட்டும்படி 12.90 கோடி ரூபாய் இழப்பீடும் விதித்தது. பிறகு விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், அந்த உத்தரவு நிற்கவில்லை. அவ்வளவு வழக்கறிஞர் செலவைத் தாங்க அவருக்குப் பின்னால் கிளப்கள் இருந்தன. நம் பையனுக்கு இருக்காது.

ஏஜென்ட் பற்றி இரண்டு வரி. உரிமம் உள்ளவர்தானா என்று ஃபிஃபா தளத்தில் பார்க்கலாம். அவரோடு போடும் ஒப்பந்தம் ஒரே தடவையில் இரண்டு ஆண்டுக்கு மேல் கூடாது. 16 வயதுப் பையனின் வீட்டுக்கு வந்து ‘ட்ரையலுக்கு ஒரு லட்சம், செலக்‌ஷன் நிச்சயம்’ என்பவரிடம் உரிமத்தைக் கேட்கவே தேவையில்லை, வாசலிலேயே அனுப்பிவிடலாம். வேண்டிய ஆளை எடுக்க கிளப்தான் காசு கொடுக்கும், வாங்காது.

நிமிடக் கணக்கு

2024-25-இல் 13 அணிகள் ஆடிய ஐ.எஸ்.எல்.லில் ஒவ்வோர் அணிக்கும் லீக் சுற்றில் 24 ஆட்டம். ஒருவர் முழுதும் ஆடினால் 2,160 நிமிடம். 2026-இல் 13 ஆட்டம்; 1,170 நிமிடம். கிட்டத்தட்டப் பாதி. ஆட்டம் குறையும்போது பயிற்சியாளர்கள் அனுபவசாலிகளையே இறக்குவார்கள், ஏனென்றால் ஒவ்வொரு தோல்விக்கும் எடை கூடுகிறது. வெட்டு விழுவது 19 வயதுக்காரருக்கு.

எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதும் நிமிடத்தைத் தீர்மானிக்கும். 2021-22 முதல் ஐ.எஸ்.எல். களத்தில் ஒரே நேரத்தில் வெளிநாட்டவர் நான்கு பேர்வரை ஆட விதி இருந்தது. அந்த நால்வரில் பெரும்பாலும் ஒருவர் நடு முன்கள ஆட்டக்காரர், ஒருவர் நடுக்களம், ஒருவர் நடுத் தடுப்பு. நம் ஊர்ப் பிள்ளைகள் பத்தில் எட்டுப் பேர் ‘நான் ஸ்ட்ரைக்கர்’ என்பார்கள். இந்தியருக்கு இடம் திறந்திருப்பது பக்கவாட்டுத் தடுப்பிலும் விங்கிலும் கோல் காப்பிலும். 17 வயதில் இடது காலைப் பழக்கி இடதுபுறத் தடுப்பாட்டக்காரராக மாறுபவர், ஊருக்கு அவ்வளவு பெருமையாகத் தெரியாவிட்டாலும், முதல் அணிக்கு மூன்று படி கிட்டே வந்துவிடுகிறார்.

விதிவிலக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. காரைக்குடியை அடுத்த கண்டனூர்க்காரரான சிவசக்தி நாராயணன், 2001-இல் பிறந்தவர், முன்கள ஆட்டக்காரர். பெங்களூரு எஃப்.சி.யின் இரண்டாம் அணியில் ஆடி மேலே வந்து, 2022-23-இல் ஐ.எஸ்.எல்.லின் வளரும் வீரர் விருதைப் பெற்றார். முதல் அணிப் பெஞ்சில் உட்காராமல் இரண்டாம் அணியில் தொண்ணூறு நிமிடம் ஆடிய காலம் அவருக்குக் கைகொடுத்தது.

அப்படிப்பட்ட வாய்ப்பு சொந்த கிளப்பில் இல்லை என்றால் லோன் கேட்கலாம். லோன் என்றால் ஒப்பந்தம் பழைய கிளப்போடு இருக்க, குறிப்பிட்ட காலம் வேறு கிளப்புக்கு ஆடுவது. ஃபிஃபா விதிப்படி ஒருமுறைக்கு அதிகபட்சம் ஓராண்டு. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த கிளப்பில் என் இடத்தில் இப்போது யார் ஆடுகிறார்? அங்கேயும் பெஞ்ச் என்றால் ஊரை மாற்றியதுதான் மிச்சம். ஒரு சீசனில் மூன்று கிளப்வரை பதிவாகலாம், ஆனால் பொதுவாக இரண்டுக்குத்தான் அதிகாரபூர்வ ஆட்டம் ஆட முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். அவசரப்பட்டு மாறியவர், மறுபடி கிளப் மாறும் ஜனவரியில் மாட்டிக்கொள்வார்.

முழங்காலும் இதயமும்

கன்னியாகுமரிக் கடலோர இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி வழியாக ஜாம்ஷெட்பூர், பிறகு கொல்கத்தாவின் ஏ.டி.கே. என்று ஏறியவர். 2020 நவம்பர் 20 அன்று சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயத்தோடு வெளியேறினார். அந்த சீசன் அவ்வளவுதான். முழங்காலின் குறுக்குத் தசைநார் கிழிந்து அறுவை செய்தால், 9 மாதத்துக்கு முன் போட்டிக்குத் திரும்புவது மறுபடி கிழிவதற்கான வாய்ப்பைப் பலமடங்கு கூட்டும். 20 வயதுக்காரருக்கு அது ஒரு முழு சீசன். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் பாதி. மேலே ஐந்தாவதாகச் சொன்ன வரி ஏன் முக்கியம் என்பது இப்போது விளங்கும்.

இதயத்துக்கும் அன்வர் அலிதான் சாட்சி. 2017-இல் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடியவருக்கு 2019-இல் இதயத் தசை தடிப்பு கண்டறியப்பட்டது. ஆட்டம் நின்றது, பிறகு நீண்ட போராட்டத்துக்குப் பின் திரும்பினார். வெளியே எந்த அறிகுறியும் தெரியாத பிள்ளைகளுக்கும் இது இருக்கலாம். வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், ஆடும்போது மயக்கமோ நெஞ்சு வலியோ வந்திருந்தால், ட்ரையலுக்கு முன்பே ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துவிடுங்கள்.

சம்பளம் நின்றால்

லீக்கை யார் நடத்துவது என்பது சம்மேளனத்துக்கும் வணிக நிறுவனத்துக்கும் உள்ள விஷயம். ஆட்டக்காரரின் ஒப்பந்தம் கிளப்போடு. எனவே லீக் நின்றதால் மட்டும் ஒப்பந்தம் தானாகச் செத்துவிடுவதில்லை. கிளப் கொடுக்கவேண்டிய பணம் பாக்கியாக ஏறிக்கொண்டே போகும். கிளப்கள் சம்பளத்தைக் குறைக்கப் பேச்சுக்கு அழைப்பது இதனால்தான். ஆட்டக்காரர் கையெழுத்துப் போட்டால் மட்டுமே குறைப்பு செல்லும்.

ஃபிஃபா விதி காட்டும் வழி இது:

1. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் உரிய தேதியில் வராமல் பாக்கி நிற்கவேண்டும்.
2. அதன் பிறகு கிளப்புக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்பி, பாக்கி முழுவதையும் தீர்க்கக் குறைந்தது 15 நாள் அவகாசம் தரவேண்டும்.
3. அப்போதும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம்.
4. உள்நாட்டு ஆட்டக்காரரின் வழக்கு சம்மேளனத்தின் ஆட்டக்காரர் தகுதிநிலைக் குழுவிடம் போகும்.

அடிக்கடி கெட்டுப்போவது இரண்டாம் படியில். கோபத்தில் பையன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ரயில் ஏறிவிடுவான். அறிவிப்பு அனுப்பாமல் பயிற்சிக்கு வராதவர் என்ற பழி அவன்மேல் விழும். முறித்தவன் அவன் என்றாகும். வாட்ஸ்அப்பில் மேனேஜரிடம் கெஞ்சிய செய்திகள் அறிவிப்பு ஆகாது. ஒப்பந்தத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு, தேதியும் தொகையும் போட்டு, அனுப்பியதற்கு ஆதாரத்தோடு போகவேண்டும். அந்த 15 நாளும் பயிற்சிக்குப் போய் நின்றாக வேண்டும்.

தொகையை நிரூபிக்க வங்கிக் கணக்கு அறிக்கை வேண்டும். இங்கே இன்னொரு சிக்கல்: வந்த சம்பளம் ஒப்பந்தத் தொகையைவிடக் குறைவாகத் தெரிந்தால் உடனே பாக்கி என்று எழுதிவிடக்கூடாது. ஆட்டக்காரர் தொகையைத் தொழில்சார் கட்டணமாகக் கருதி 10 சதவீத வரிப் பிடித்தம் செய்வது வழக்கம். பான் எண் கொடுக்காதவருக்கு 20 சதவீதம். பிடித்த தொகை பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்த்து, ஆண்டு முடிவில் கணக்குத் தாக்கல் செய்தால் கூடுதலாகப் பிடித்தது திரும்ப வரும். மாதம் இருபத்தைந்தாயிரம் வாங்கும் பையன்கள் பலர் தாக்கல் செய்யாமலே அந்தக் காசை விட்டுவிடுகிறார்கள். அது ஆண்டுக்கு முப்பதாயிரம் ரூபாய். நல்ல டர்ஃப் பூட்ஸ் இரண்டு சோடி வாங்கி, சென்னை ட்ரையலுக்கு நாலு தடவை ஒருநாள் முன்னதாகவே போய்த் தங்கலாம்.